பச்சை ஓரம்

அத்தியாயம் ஆறு

“ரெண்டு மணிக்கு என் கத்தியைப் பிடுங்கிடுவாங்க,” என்றார் டாக்டர் ரோவீனா ட்ரெவின். “அதுக்குள்ள கண்டுபிடிச்சாகணும். பண்ணினது நோயல்தான். எப்படிப் பண்ணினான்னு மட்டும்தான் தெரியல.”

மணி ஒன்பதரை. கரவாரா கால்நடை ஆய்வு நிலையத்தின் பின்பக்கப் பட்டியில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் ஊரில் நவம்பர் என்றால் கோடை; வெயில் இப்போதே முதுகைச் சுட்டது. வாயைத் திறந்தால் ஈ உள்ளே போகிறது என்பதால் மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டே பேசினோம். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

என் முதலாளி தெல்மா கார்மோடி இருபத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்தவர். களவுபோன ஆடுமாடுகளைத் தேடிப் பிடிக்கிற பிரிவு. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் கிளெம் ஹாடோ. பத்தொன்பது வருஷம் ஆட்டுக்கு மயிர் வெட்டினேன், முதுகு கைவிட்டது, இப்போது தெல்மாவுக்கு வண்டி ஓட்டுகிறேன், பை தூக்குகிறேன், யாரும் கேட்காமலே அபிப்பிராயம் சொல்கிறேன். வருகிற திங்கட்கிழமை முதல் ரெக்ஸ் பாட்டன் என்று ஒருவரும் எங்களோடு சேர்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜீன்ஸுக்கு இஸ்திரி போடுகிற ஆள். அவரைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று தெல்மாவிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன். நாலு தடவையும் வயிறு எரிந்தது.

ரோவீனாவின் பிரச்சினை இதுதான். அவர் ஆபரேஷன் டாக்டர். வெளியே முடிச்சே தெரியாத ஒரு புதுத் தையலைக் கண்டுபிடித்திருந்தார். பன்னிரண்டு ஆடுகளுக்கு அவர் புதுத் தையல் போட்டார். பன்னிரண்டு ஆடுகளுக்கு நிலையத்தின் மற்ற டாக்டர்கள் பழைய தையல் போட்டார்கள். பத்து நாள் கழித்து ஒவ்வொரு தழும்பிலிருந்தும் சின்னத் துண்டு எடுத்து, மெல்லிசாகச் சீவி, ஸ்லைடு கண்ணாடியில் ஒட்டி, திசுவைப் படித்து நோய் சொல்கிற டாக்டர் நோயல் பாஸ்கோவிடம் கொடுத்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட வேண்டியது அவர் வேலை. பழைய தையலுக்கு ஏழும் எட்டும் விழுந்தன. ரோவீனாவின் தையலுக்கு இரண்டும் மூன்றும். ஆடுகளை வதைத்தார் என்று விலங்கு நலக் குழு இன்று கூடி, அவர் ஆபரேஷன் செய்கிற அனுமதியை ரத்து செய்யப் போகிறது.

நான் வேலியைத் தாண்டி ஒரு கிடாவைப் பிடித்து, முட்டுக்கால் நடுவே இடுக்கி, விலாவைத் தடவிப் பார்த்தேன்.

“பாஸ், நான் கத்தரி போட்ட காலத்துல இதைவிட மோசமாக் கிழிச்சு, தாரைப் பூசி, ‘போடா மகனே’ன்னு தட்டி அனுப்பியிருக்கேன். இது வெண்ணெய் மாதிரி இருக்கு.”

“மேல வெண்ணெய். உள்ள சீழ்னு நோயல் எழுதியிருக்கான்,” என்றார் ரோவீனா. அவர் வலது கட்டைவிரல் நகத்தில் பச்சைக் கறை ஒன்று இருந்தது.

“அவருக்கு உங்க மேல என்ன கோபம்?” என்று தெல்மா கேட்டார்.

“பொறாமை.”

“எத்தனை நாளா?”

“பதினோரு வருஷமா.”

“பதினோரு வருஷம் கெடாம வச்சிருக்காரா? நல்ல ஃபிரிட்ஜ்தான்,” என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை. ஈ மட்டும் வாய்க்குள் போனது.

நோயல் பாஸ்கோவின் அறையில் ஃபார்மலின் நாற்றமும் பழைய டீயின் நாற்றமும் சரிபாதியாக இருந்தன. அவர் எழுந்து கைகொடுத்தபோது தெரிந்தது. கை, காற்றில் இலை மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

“ரோவீனா என்ன சொல்லியிருப்பான்னு தெரியும்,” என்றார். “எனக்குப் பொறாமைன்னு சொல்லியிருப்பா. உண்மைதான். உக்காருங்க.”

திருடன் கதவைத் திறந்து ‘வாங்க, மூட்டை உள்ளே இருக்கு’ என்று சொன்ன மாதிரி இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

“நாங்க ஒண்ணாப் படிச்சோம்,” என்றார் நோயல். “என் தையல்தான் நல்லாயிருக்கும். அவளைக் கேட்டுப் பாருங்க, ஒத்துக்குவா. அப்புறம் இந்தக் கை வந்துடுச்சு. நான் கத்தியைக் கீழ வச்ச வாரம் அதே மேஜைல அவ நின்னா. பதினோரு வருஷமா அவ வெட்டறதை நான் கண்ணாடில பார்த்துக்கிட்டிருக்கேன். ராத்திரி படுத்தா எரியுது. போதுமா?”

“அப்படியிருக்க, அவங்க தையலுக்கு மார்க் போட நீங்க ஒத்துக்கலாமா?” என்றார் தெல்மா.

“ஒத்துக்கல. என் கண்ணைக் கட்டினாத்தான் பார்ப்பேன்னு சொன்னேன். எது யார் தையல்னு எனக்குத் தெரியக் கூடாது, நம்பர் மட்டும் போட்டு அனுப்புங்கன்னு எழுதிக் கேட்டதே நான்தான். துண்டை வாங்கி நம்பர் போட்டது ஜூடித் கிரைக். மொத்தத்துல எந்தத் தையலுக்கு எவ்வளவு மார்க்னு குழுவுக்குச் சொன்னதும் அவதான். எந்த நம்பர் எந்த ஆடுங்கற பட்டியல் அவ பீரோல சீல் வச்சு இருக்கு. ரெண்டு மணிக்குக் குழு முன்னாடிதான் பிரிப்பாங்க.”

“ஜூடித் யாரு?”

“மனுஷ மூளையை ஆராயறவ. தேர்ந்த கண்ணு எங்கெங்க ஏமாறும்னு பார்க்கறது அவ வேலை. அதனாலதான் அவளை நம்பிக் குடுத்தோம்.”

தெல்மா ஸ்லைடு பெட்டியைத் திறந்தார். களவுபோன மந்தையை எண்ணிப் பழகிய விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது.

“ஆடு இருபத்தி நாலு. கண்ணாடி இருபத்தி எட்டு. நாலு குட்டி போட்டிருக்கே?”

“அது வழக்கம்தான். நாலு துண்டை ரெண்டாப் பிரிச்சு, வேற வேற நம்பர்ல திரும்பவும் அனுப்புவாங்க. ரெண்டு தடவையும் ஒரே மார்க் போடறேனான்னு என்னைச் சோதிக்க. எது எதோட ஜோடின்னு எனக்குத் தெரியாது.”

நான் ஒரு கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் ஒரு சின்ன வரைபடம் மாதிரி தோல். அதன் ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு. இன்னொன்றை எடுத்தேன். அதில் கறுப்புக் கோடு.

“இது என்ன கரை? புடவையா?”

“மை. கத்தி போன ஓரத்தை அடையாளம் காட்டப் பூசுவோம். ஒரு ஆராய்ச்சிக்கு ஒரே நிறம்தான் இருக்கணும். நானும் கேட்டேன். கறுப்பு நடுவுல தீர்ந்துபோச்சு, கையில கிடைச்சதைக் கலந்து பூசிட்டேன், நிறத்துக்கு அர்த்தம் கிடையாதுன்னு ஜூடித் சொன்னா.”

தெல்மா என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நம்பரில் என் பழைய எதிரி ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்.

“பாஸ், இங்க பாருங்க. புல் விதை.”

எங்கள் பக்கத்து ஆடுகளுக்கு நவம்பர் மாதத்தில் இதுதான் சாபம். ஊசி மாதிரி மூக்கும் முறுக்கிய வாலுமாக ஒரு விதை. மயிருக்குள் புகுந்து, தோலைத் துளைத்து, உள்ளேயே தங்கிவிடும். பத்தொன்பது வருஷத்தில் அது என் விரலிலும் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறது. ஏழாம் நம்பரில் இருந்தது மூக்கு மட்டும். வால் இல்லை. கத்தி வைத்து நறுக்கின மாதிரி நின்றுபோயிருந்தது.

“மூக்கு இங்க இருந்தா வாலு எங்கயாவது இருக்கணுமில்ல,” என்றேன்.

மீதி இருபத்தேழு கண்ணாடியையும் ஜன்னலில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். பத்தொன்பதாம் நம்பரில் அகப்பட்டது. முறுக்கிய வால், அதே தடிமன், அதே சாய்வு. இரண்டு கண்ணாடியையும் ஓரத்தோடு ஓரம் வைத்தால் கிழித்த கடிதம் மாதிரி ஒட்டிக்கொண்டது.

“ஒரே ஆடு. ஒரே துண்டு,” என்றார் தெல்மா. “டாக்டர், மார்க் ஷீட்டை எடுங்க.”

நோயல் தேடி எடுத்தார். காகிதம் அவர் கையில் சடசடத்தது. “ஏழுக்கு ரெண்டு மார்க்.” கீழே தேடினார். “பத்தொன்பதுக்கு எட்டு.”

ஏழாம் நம்பருக்குப் பச்சை ஓரம். பத்தொன்பதுக்குக் கறுப்பு.

எப்படித் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டதால் மற்ற மூன்று ஜோடிகளும் கால் மணி நேரத்தில் சிக்கின. ஆட்டுத்தோல் மடிப்பு கைரேகை மாதிரி, இரண்டுக்கு ஒன்று போல இருக்காது. ஒவ்வொரு ஜோடியிலும் கறுப்புக்கு ஏழு, எட்டு. பச்சைக்கு இரண்டு, மூன்று. தெல்மா பச்சையை எல்லாம் ஒரு பக்கமும் கறுப்பை எல்லாம் ஒரு பக்கமும் அடுக்கினார். பதினான்கு, பதினான்கு. பச்சைப் பக்கம் ஒன்றுகூடப் பாஸாகவில்லை.

நோயல் உட்கார்ந்துவிட்டார்.

“ரோவீனா எனக்கு அனுப்பற துண்டுக்கெல்லாம் பச்சைதான் பூசுவா,” என்றார் மெதுவாக. “பதினோரு வருஷமா நாய், மாடு, குதிரை, எல்லாத்துக்கும் பச்சை. இந்த ஆராய்ச்சிக்கு மட்டும் அவ பூசக் கூடாதுன்னு விதி. ஜூடித் நிறத்துக்கு அர்த்தமில்லன்னு சொன்னா. என் தலை நம்புச்சு. கண்ணு நம்பல போல.”

வெளியே மர நிழலுக்கு வந்ததும் நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.

“கேஸ் முடிஞ்சுது பாஸ். அந்த ஆளுக்குப் பச்சைன்னா யாருன்னு தெரியும். தெரிஞ்சே போட்டுத் தாக்கியிருக்கார். இப்ப மாட்டினதும் முகத்தைத் தொங்கப் போட்டு நடிக்கறார்.”

“உனக்குப் பசிக்கலையா?” என்றார் தெல்மா.

என் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். அவர் வண்டியிலிருந்து டப்பாவை எடுத்து, இரண்டு காகிதத் தட்டு வைத்து, தட்டுக்கொரு துண்டு லாமிங்டன் போட்டு, இரண்டையும் எனக்கே நீட்டினார். தேங்காய்த் தூளில் புரட்டின சாக்லேட் கேக்.

“இது நம்ம பேக்கரில வாங்கினது. இது ரெக்ஸ் வீட்டுல செஞ்சு குடுத்து விட்டார். ரெண்டையும் சாப்பிட்டுச் சொல்லு. உன் நாக்கு பொய் சொல்லாது.”

பேக்கரி கேக் பஞ்சு மாதிரி இருந்தது. ரெக்ஸுடையது தொண்டையில் இறங்க மறுத்தது.

“மரத்தூள் பாஸ். உள்ளுக்குள்ள காய்ஞ்சுபோச்சு. தேங்காயும் பழசு. இஸ்திரி போடத் தெரிஞ்சவனெல்லாம் கேக் செய்யலாமா?”

“ரெண்டும் ஒரே கேக். காலைல பேக்கரில ஒண்ணு வாங்கி, ஆளுக்குப் பாதின்னு நடுவுல வெட்டினேன்.”

நான் இரண்டு தட்டையும் பார்த்தேன். காது மடல் வரை சூடு ஏறியது. மறுபடி ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டேன். கேக் நன்றாகத்தான் இருந்தது. தொலையட்டும் அந்த ரெக்ஸ்!

“நீ நடிச்சியா?” என்றார் தெல்மா.

“இல்ல. சத்தியமா மரத்தூளாத்தான் இருந்தது.”

“நோயலுக்கும் சத்தியமாச் சீழாத்தான் தெரிஞ்சிருக்கு. உன்னைக் கேலி பண்றதுக்குன்னு செய்யல கிளெம். இப்ப சொல்லு, உன் நாக்கு கெட்டதுக்கு யார் காரணம்?”

“நான்தான். என் வயித்தெரிச்சல்.”

“தட்டை நீட்டி, ‘இது ரெக்ஸோடது’ன்னு சொன்னது யாரு?”

நான் சாவியைப் பையில் போட்டேன்.

ஜூடித் கிரைக்கின் அறை நடைபாதைக் கோடியில், பாய்லருக்குப் பக்கத்தில் இருந்தது. சுவர் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. ஐம்பது வயது, கச்சிதமான வெள்ளைச் சட்டை, மேஜைமேல் எல்லாம் நேர்க்கோட்டில். மை பாட்டில்களும் நேர்க்கோட்டில்தான் இருந்தன. கறுப்பு பாட்டிலில் பாதிக்கு மேல் மை இருந்தது.

“கறுப்பு தீர்ந்துபோச்சு, அப்புறம் புதுசு வந்தது,” என்றார் நாங்கள் கேட்பதற்கு முன்பே. “பட்டியலை ரெண்டு மணிக்கு முன்னாடி காட்ட முடியாது. வேற ஏதாவது?”

தெல்மா ஏழையும் பத்தொன்பதையும் அவர் முன் வைத்தார்.

“ஒரே விதையோட மூக்கும் வாலும். நடுவுல வெட்டினது நீங்க. ஒரு பாதிக்குப் பச்சை, ஒரு பாதிக்குக் கறுப்பு. நடுவுல மை தீர்ந்திருந்தா, திங்கட்கிழமை வந்த ஆடெல்லாம் கறுப்பு, செவ்வாய்க்கிழமை ஆடெல்லாம் பச்சைன்னு இருக்கும். பாட்டில் ஒரே துண்டோட பாதியில தீருமா? அதுவும் நாலு துண்டுலயும்?”

நான் அழுகையை எதிர்பார்த்தேன், அல்லது வக்கீல் பெயரை. ஜூடித் இரண்டு கண்ணாடியையும் எடுத்து, விதையைப் பார்த்து, ஆர்வமாகத் தலையாட்டினார்.

“விதையைக் கவனிக்கல. நாலு ஜோடி பத்துமான்னு எனக்கே சந்தேகமாத்தான் இருந்தது. ஆறு வச்சிருக்கணும்.”

தெல்மா அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“இருபத்திரெண்டு வருஷம் திருடனைப் பிடிச்சிருக்கேன்,” என்றார். “எல்லாரும் தடயத்தை அழிப்பாங்க. தடயத்துக்கு நம்பர் போட்டு, பெட்டில அடுக்கி, மாட்டிக்கப்போற ஆள்கிட்டயே குடுத்து மார்க் போடச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

“ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணு இல்லாம எதையும் நிரூபிக்க முடியாதே,” என்றார் ஜூடித், பள்ளிக்கூட டீச்சர் மாதிரி. “ரோவீனாவோட பன்னெண்டுக்கும் பச்சை. மத்தவங்களோட பன்னெண்டுக்கும் கறுப்பு. திருப்பி அனுப்பின நாலுக்கு நிறத்தை மாத்தினேன். துண்டு அதே, நிறம் மட்டும் வேற. நோயல் நிறத்துக்குத்தான் மார்க் போட்டார். இதைவிடச் சுத்தமான சோதனை எங்கயும் கிடையாது.”

“அவர் கண்ணைக் கட்டச் சொல்லி உங்ககிட்டதானே வந்தாரு?” நான் குறுக்கே விழுந்தேன். “துணியில ஓட்டை போட்டுக் கட்டியிருக்கீங்களே!”

“ஏன்?” என்று மட்டும் கேட்டார் தெல்மா.

ஜூடித் மை பாட்டிலை அரை அங்குலம் நகர்த்தி மறுபடி நேராக வைத்தார்.

“ஒம்போது வருஷமா இங்க இருக்கேன். டாக்டர் கண்ணும் ஏமாறும்னு எத்தனையோ தடவை எழுதினேன். படிச்சது யாரு? பாய்லர் பக்கத்துல ரூம். நம்பர் ஒட்டற வேலை. ரோவீனா வெட்டுவா, நோயல் பார்ப்பார். டீ ரூம்ல எப்பப் பாரு அவங்க கதைதான். அவ கையா, இவர் கண்ணான்னு. அவங்க பகைக்குக்கூட ஊர்ல மரியாதை இருக்கு. அந்தச் சண்டைல கூட எனக்கு ஒரு இடம் கிடையாது.”

இதைக் கேட்டபோது எனக்கு அந்தப் பெண்மணிமேல் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே பிடிக்கவில்லை. பக்கத்துத் தட்டில் இருப்பதைப் பார்த்தே பசி கெட்டுப்போகிறவர்கள் ஒருவரையொருவர் எளிதாக அடையாளம் கண்டுகொள்கிறோம்.

“எப்ப சொல்றதா இருந்தீங்க?” என்றார் தெல்மா.

“குழு முடிவெடுத்தப்புறம். ஒரு கண்ணு ஏமாந்தா அது நோயலோட குறைன்னு விட்டுடுவாங்க. ஒரு குழுவே ஏமாந்து ஒரு டாக்டரோட கத்தியைப் பிடுங்கினா, அப்புறம் யாரும் என்னைப் படிக்காம இருக்க முடியாது.”

“ரோவீனா?”

“அனுமதி திரும்பக் கிடைச்சிருக்கும்.”

“அனுமதி கிடைக்கும். ஆட்டை வதைச்சவன்னு எடுத்த பேரு?” தெல்மா எழுந்தார். “களவுபோன மாட்டை நான் நிறைய மீட்டுக் குடுத்திருக்கேன். போன பேரைத் திரும்பக் கொண்டுவந்து பட்டியில கட்டினதை இதுவரை பார்த்ததில்ல. வாங்க, மணி ஒண்ணே முக்கால்.”

குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஒரு பண்ணைக்கார அம்மாள். தெல்மா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, ஜூடித்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உண்மையா?” “உண்மை,” என்றார் ஜூடித். பட்டியலை மேஜைமேல் வைக்கச் சொல்லி, அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவு சாத்துகிற வரை ஜூடித் ரோவீனாவையே பார்த்துக்கொண்டு போனார். ரோவீனா திரும்பவில்லை. அவர் நோயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோயல் எழுந்து நின்றார்.

“நான் போட்ட மார்க்கெல்லாம் செல்லாது. ஜூடித் மை பூசினா, ஆனா பொறாமை என்னுடையது. எனக்கு அது இருக்குன்னு தெரிஞ்சும் ரெண்டு நிறத்தைப் பார்த்துட்டு, ஒரு வார்த்தைல சமாதானமாயிட்டேன். ஸ்லைடையெல்லாம் வேற ஊருக்கு அனுப்புங்க. பொறாமை இல்லாத யாராவது பார்க்கட்டும்.”

“அப்படி ஒரு ஆள் எந்த ஊர்ல இருக்கான்?” என்றார் ரோவீனா.

காலையிலிருந்து நோயல்தான் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

“இவனே பார்க்கட்டும்,” என்றார். “தனக்கு எரியுதுன்னு வெளியில சொல்லி, கண்ணைக் கட்டுங்கன்னு கேட்டவன் இந்தக் கட்டடத்துல இவன் ஒருத்தன்தான். மத்தவங்க எல்லாரும் தங்களுக்கு எதுவும் இல்லன்னு நினைச்சுக்கிட்டே பார்ப்பாங்க. ஓரத்தை மட்டும் மறைச்சுக் குடுங்க.”

மறைக்கிற வேலை எனக்கு வந்தது. வண்டியிலிருந்த கறுப்பு டேப்பை மயிரிழை மயிரிழையாக வெட்டி, இருபத்தெட்டுக் கண்ணாடியிலும் மை ஓரத்தின் மேல் ஒட்டினேன். பழைய நம்பருக்கு மேல் புது நம்பர். தெல்மா சீட்டுக்கட்டு போலக் கலைத்தார். குழு முழுவதும் சுற்றி நிற்க, நோயல் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் மார்க்கை எழுதினேன், அவர் கை எழுதுகிற நிலையில் இல்லை. இரண்டு மணி நேரம் யாரும் டீ குடிக்கக்கூடப் போகவில்லை.

நாலேகாலுக்குப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார்கள். பழைய தையல், ஆறு, ஏழு. நாலு ஜோடியிலும் இரண்டு கண்ணாடிக்கும் ஒரே மார்க். ரோவீனாவின் புதுத் தையல், எட்டு, எட்டு, ஒன்பது, எட்டு. ரோவீனா இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டார். தலைவி அம்மாள், “அனுமதியைத் தொட வேண்டிய அவசியம் இல்ல,” என்று பேனாவை மூடப்போனார்.

அப்போதுதான் கடைசி வரியைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

“ஒண்ணு பாக்கி,” என்றேன். “பதினோராம் ஆடு. புதுத் தையல். ரெண்டு மார்க்.”

எல்லார் தலையும் நோயல் பக்கம் திரும்பியது. டேப் ஓரத்தில் எங்காவது பச்சை தெரிந்திருக்குமோ என்று நான் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நோயலின் முகம் வெளுத்துவிட்டது. “நான் பார்த்ததைத்தான் சொன்னேன்,” என்றார். அதை யாரும் நம்பவில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

ரோவீனா எழுந்து வந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நெடுநேரம் பார்த்தார்.

“ரெண்டே அதிகம்,” என்றார். “இது நான் கெடுத்தது. இதைத் தச்ச அன்னிக்குக் கதவுக் கண்ணாடி வழியா நீ பார்த்துக்கிட்டு நின்னே. உன் கண்ணு முன்னாடி வேகமாத் தச்சுக் காட்டணும்னு ஒரு வெறி. நூலை இறுக்கி இழுத்துட்டேன்.”

“தெரியும்,” என்றார் நோயல். “எந்த ஆடுன்னு தெரியாது. இழுத்ததைப் பார்த்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“நான் சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியா?”

ரோவீனா யோசித்தார். “மாட்டேன்,” என்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “எந்த இடத்துல இறுக்கிட்டேன்னு காட்டு.”